லில்லிபாண்டில் பாட்டு வரி போடுவது: ஏழு வருடக் கோபம்

போன வாரம் ஒரு நண்பர் கேட்டார்: "கோரஸுக்குப் பாட்டுத் தாள் தயார் பண்ண லில்லிபாண்ட் சரிப்படுமா? வரியெல்லாம் சுரத்துக்குக் கீழே ஒழுங்கா உட்காருமா?" முதல் கேள்விக்கு உடனே 'சரிப்படும்' என்று எழுதிவிட்டேன். இரண்டாவதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அது இவ்வளவு நீளமாகிவிட்டது.

லில்லிபாண்ட் என்றால் என்ன, எப்படி நிறுவுவது என்பதையெல்லாம் நான் விளக்கப் போவதில்லை. டெக்ஸ்ட் கோப்பில் எழுதினால் பிடிஎஃபாக இசைத் தாள் வரும், குனு திட்டத்தைச் சேர்ந்த இலவச மென்பொருள், அவ்வளவு தெரிந்தால் போதும். 2.18 காலத்தில் பிடித்தது, இப்போது 2.24. நடுவில் கோப்புகளைப் புதிய பதிப்புக்கு மாற்ற கன்வர்ட்-லை ஓட்டியதைத் தவிரப் பெரிய தொல்லை இல்லை. சுரங்கள், சாவிகள், கோடுகள், இடைவெளி என்று எதிலும் எனக்குக் குறை கிடையாது. தாளை அச்செடுத்துக் கையில் கொடுத்தால் பாடுகிறவர்கள் "எந்தப் புத்தகத்திலிருந்து நகலெடுத்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். அந்த அளவுக்கு அழகு.

என் கோபம் முழுவதும் வரிகள் மேல்தான். அதிலும் ஒரே ஒரு விஷயத்தின் மேல்.

லில்லிபாண்டில் சுரங்களை ஓர் இடத்திலும் வரிகளை வேறோர் இடத்திலும் எழுதுவோம். ஆட்லிரிக்ஸ் அல்லது லிரிக்ஸ்டூ என்ற கட்டளை இரண்டையும் கோர்த்துவிடும். முதல் அசை முதல் சுரத்துக்கு, இரண்டாவது அசை இரண்டாவது சுரத்துக்கு என்று, வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன் கொடுப்பதுபோலக் கொடுத்துக்கொண்டே போகும். ஒரு சொல்லை அசைகளாகப் பிரிக்க நடுவில் இரண்டு ஹைஃபன், இரு பக்கமும் இடைவெளி விட்டு:

வா -- னில் நீந் -- தும் வெள் -- ளை மே -- கம்

எட்டு அசை, எட்டு சுரம். இதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். 'வா'வை இரண்டு சுரத்தில் இழுத்துப் பாட வேண்டும் என்று வரும்போதுதான் விவகாரம் ஆரம்பிக்கும். அந்த இரண்டு சுரத்தையும் ஸ்லர் வளைவால் சேர்த்திருந்தால் லில்லிபாண்டே புரிந்துகொண்டு இரண்டாவது சுரத்தைத் தாண்டிவிடும். ஒரே சுரத்தை நீட்டும் 'டை' என்ற வளைவு போட்ட சுரங்களுக்கும் அப்படியே. வளைவு போடவில்லையென்றால், தாண்ட வேண்டிய ஒவ்வொரு சுரத்துக்கும் வரியில் ஓர் அடிக்கோடு போட வேண்டும்: வா -- _ னில்.

அந்த ஓர் அடிக்கோட்டை மறந்துவிட்டால் என்ன ஆகும்? 'னில்' ஒரு சுரம் முன்னால் வந்து உட்காரும். 'நீந்' அதன் இடத்தைப் பிடிக்கும். அதற்குப் பின்னால் பாட்டு முடியும்வரை ஒவ்வோர் அசையும் ஒரு சுரம் தள்ளி நிற்கும். லில்லிபாண்ட் வாயே திறக்காது. பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை. பக்கம் எப்போதும்போல அழகாக வரும். கடைசிச் சுரத்துக்குக் கீழே மட்டும் ஒன்றும் இருக்காது. அந்த வெறுமையைப் பார்த்துத்தான் நமக்குத் தெரியும். எதிர்த்திசையில் தப்பு செய்தால், அதாவது ஓர் அடிக்கோடு கூடிவிட்டால், பாட்டின் கடைசி அசை சத்தமில்லாமல் காணாமல் போகும். சுரம் தீர்ந்துவிட்டது, மிச்ச வரியை யாருக்குக் கொடுப்பது என்று அதுவே விட்டுவிடும்.

நியாயமாகப் பார்த்தால் நிரலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 'வா'வை நான் எத்தனை சுரத்துக்கு இழுக்க நினைத்தேன் என்று அதற்கு எப்படித் தெரியும்? சொன்னதைச் செய்கிறது. ஆனால் இரவு பதினோரு மணிக்கு நான்கு குரல், மூன்று சரணம் உள்ள பாட்டில் எந்த இடத்தில் நழுவியது என்று விரலை வைத்து எண்ணிக்கொண்டிருக்கும்போது நியாயம் பேசும் மனநிலை யாருக்கு இருக்கும்?

இதிலேயே மோசமானது, இரண்டு தப்பு ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுவது. ஒருமுறை ஆல்டோ குரலில் (பெண் குரல்களில் தாழ்ந்தது) நான்காவது பாரில், அதாவது நான்காவது தாளக் கட்டத்தில், ஓர் அடிக்கோட்டை விட்டிருக்கிறேன். பதினேழாவது பாரில் தேவையில்லாத ஒன்றைப் போட்டிருக்கிறேன். கடைசியில் கணக்கு சரியாகிவிட்டது. தாளின் முதல் வரியும் கடைசி வரியும் கச்சிதம். நான் அவ்வளவுதான் பார்த்தேன். ஒத்திகையில் ஆல்டோக்காரர்கள் நடுவில் வேறு ஏதோ மொழியில் பாடுவதுபோல இருந்தது. தாளில் உள்ளபடிதான் பாடினார்கள், பாவம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஓர் அடிக்கோடு என்றால் 'இந்தச் சுரத்தைத் தாண்டு' என்று பொருள். இரண்டு அடிக்கோடு சேர்ந்து வந்தால், சொல்லின் கடைசி அசைக்குப் பின்னால் நீளக் கோடு ஒன்று இழு என்று பொருள். சொல்லுக்கு நடுவில் இழுத்தால் ஹைஃபன், சொல்லின் முடிவில் இழுத்தால் கோடு என்ற அச்சு மரபுக்காக இப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு அடிக்கோடு கோட்டை மட்டும்தான் கேட்கும், எந்தச் சுரத்தையும் தாண்டாது. வளைவு இல்லாத இடத்தில் 'கம் __' என்று எழுதிவிட்டு, 'கம்'மை மூன்று சுரத்துக்கு நீட்டியாகிவிட்டது என்று முதல் வருடம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். 'கம் __ _ _' என்று எழுத வேண்டுமாம். கண்ணாடியைப் போட்டால்கூட எது இரண்டு, எது ஒன்றும் ஒன்றும் என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஒரே குறியின் இரண்டு வடிவத்துக்கு இரண்டு வேலை கொடுத்தவர் வரிகளைக் கையால் தட்டியிருக்கவே மாட்டார் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

இரண்டாவது சரணம் வந்தால் கதை இன்னும் நீளும். முதல் சரணத்தில் ஓர் அசையை இரண்டு சுரத்தில் இழுக்கிறோம், இரண்டாவது சரணத்தில் அதே இடத்தில் இரண்டு அசை வருகிறது. இது எல்லாப் பாட்டிலும் நடப்பதுதான். அதற்கு இக்னோர்மெலிஸ்மாட்டா என்று ஓர் அமைப்பு இருக்கிறது, வளைவைக் கண்டுகொள்ளாதே என்று சொல்ல. பல கட்டளைகளுக்கு முன்னால் 'ஒன்ஸ்' என்று போட்டால் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் வேலை செய்யும். இதற்கு அது செல்லாது. செட் என்று திறந்து அன்செட் என்று நாமேதான் மூட வேண்டும். மூட மறந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை, மேலே சொன்னதேதான். குரல் பிரியும் இடத்தில் வரியை வேறு குரலுக்கு மாற்றும் கட்டளை இதைவிட வேடிக்கை. மாற வேண்டிய அசைக்கு ஓர் அசை முன்னாலேயே அதை எழுத வேண்டும். கையேடே இதை ஒத்துக்கொள்கிறது.

தமிழில் வரி போடும்போது வேறொரு யோசனை சேர்ந்துகொள்ளும். சொல்லை எங்கே வெட்டுவது? 'வெள் -- ளை' என்று வெட்டினால் படிக்கச் சுகம். ஆனால் பாடும்போது குரல் நிற்பது 'வெ' மேல், 'ள்' அடுத்த சுரத்துக்கு ஒட்டினாற்போலத்தான் வரும். அதற்காக 'வெ -- ள்ளை' என்று வெட்டினால், புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கும் அசை கண்ணைக் குத்துகிறது. யாப்பில் அசை பிரிப்பதுபோல ஒற்றை முந்தைய அசையோடு சேர்ப்பது என்று முடிவு செய்து வைத்திருக்கிறேன். லில்லிபாண்ட் இதில் தலையிடாது. வெட்டுவது நம் பொறுப்பு. இது குறையா நிறையா என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி தோன்றும். இன்று நிறை.

எழுத்து விஷயத்திலும் நிறைதான். யூனிகோடில் தமிழை அப்படியே தட்டலாம். எழுத்துகளை அடுக்கித் தரும் பாங்கோ நூலகம் வழியாக வருவதால் ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் இடம் மாறாமல் உட்காரும். எழுத்துருவின் பெயரை மட்டும் நாமே சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டால் கணினியில் இருக்கும் ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். அகலமான அசை வந்தால் சுரங்களைத் தானே விலக்கி இடம் கொடுக்கும், எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. நெருக்கமான இடத்தில் மட்டும் ஹைஃபனை அதுவே விழுங்கிவிடும். 'மே' பக்கத்தில் 'கம்' ஒட்டிக்கொண்டு முழுச் சொல்லாகவே தெரியும். பாடுகிறவருக்கு அது பரவாயில்லை. எனக்குத்தான் பொறுக்காது. லிரிக்ஹைஃபனின் குறைந்தபட்ச இடைவெளியைக் கூட்டினால் ஹைஃபன் திரும்பி வரும், கூடவே தாள் ஒரு வரி நீளும்.

இன்னொரு சின்ன நேர்த்தி. ஒரு சுரத்துக்கு ஓர் அசை என்றால் அசையைச் சுரத்துக்கு நேர் நடுவில் வைக்கும். அதே அசையை இழுக்க வேண்டுமென்றால் இடப்பக்கமாகத் தொடங்க வைக்கும். நான் கேட்காமலே செய்கிறது. இதைக் கவனிக்கவே எனக்கு இரண்டு வருடம் ஆனது. கவனித்த பிறகு மற்றவர்களின் தாள்களைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

சரி, நழுவும் வரிக்கு வருவோம். ஆறாவது வருடத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. சுரங்களுக்கு நடுவில் பார் முடியும் இடத்தில் ஒரு செங்குத்துக் கோடு போடுவோம். அது பார் செக். தாளக் கணக்கு தப்பினால் எச்சரிக்கும். இதையே வரிகளுக்கு நடுவிலும் போடலாம்!

வா -- _ னில் | நீந் -- தும் வெள் | -- 

என்று போட்டுப் பார்த்தது முதல் தடவை, அதுவும் தப்பான இடத்தில். சொல்லின் நடுவில் பார் மாறினால் கோட்டை ஹைஃபனுக்குப் பின்னால், அடுத்த அசைக்கு முன்னால் வைப்பதே வசதி. அதன் பிறகு பழைய ஆல்டோ கோப்பை எடுத்து பாருக்கு ஒரு கோடு போட்டு ஓட்டினேன். நழுவிய இடத்துக்கு அடுத்த பாரிலேயே எச்சரிக்கை வந்தது. லில்லிபாண்ட் கோப்புகளை எழுத நான் வைத்திருக்கும் ஃப்ரெஸ்கோபால்டி என்ற எடிட்டரில் அந்தச் செய்தியைச் சொடுக்கினால் நேராக அந்த வரியில் போய் நிற்கிறது. ஒரு மணி நேரம் விரல் வைத்து எண்ணியதை அது கண் இமைக்கும் நேரத்தில் காட்டியது. சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது, ஏனென்றால் இந்தச் செய்தி கையேட்டில் பாட்டு பற்றிய அத்தியாயத்தில் இல்லை. தாளம் பற்றிய அத்தியாயத்தில், பார்கள் பற்றிப் பேசும் இடத்தில், போகிற போக்கில் சொல்லியிருக்கிறார்கள். வரி போடுகிறவன் அங்கே எதற்குப் போகப் போகிறான்?

அதிலும் ஒரு கொக்கி உண்டு. வரியில் போட்ட பார் செக்கை, அதற்கு அடுத்த அசை எந்த நேரத்தில் வருகிறதோ அந்த நேரத்தில்தான் லில்லிபாண்ட் சரிபார்க்கும். பார் ஓய்வுக் குறியோடு தொடங்கினால், அல்லது முந்தைய அசை அடுத்த பாருக்குள் நீண்டால், பாரின் தொடக்கத்தில் எந்த அசையும் இருக்காது. எல்லாம் சரியாக இருந்தாலும் எச்சரிக்கை வரும். அதனால் அப்படிப்பட்ட பார்களில் கோடு போடாமல் விட வேண்டும். ஒரே பாருக்குள் நழுவி அதே பாருக்குள் சரியாகிவிடும் தப்பையும் இது பிடிக்காது. ஆனாலும் என் தப்புகளில் பெரும்பகுதியை இப்போது இதுதான் பிடிக்கிறது.

மியூஸ்ஸ்கோர் மாதிரி மென்பொருளில் இந்தப் பிரச்சினையே வராது என்று சொல்வார்கள். உண்மைதான். சுரத்தின் மேல் நின்று அசையைத் தட்டினால், இடைவெளிப் பட்டை அடுத்த சுரத்துக்குக் கொண்டுபோகும். தப்பு செய்தால் அந்த நொடியே கண்ணில் படும். ஆனால் நான்கு சரணத்தை ஒரே இடத்தில் கவிதைபோல எழுதி வைத்து, ஒரு சொல்லை மாற்றி, பாட்டை வேறு சுருதிக்கு நகர்த்தி, நேற்றைய கோப்புக்கும் இன்றைய கோப்புக்கும் என்ன வித்தியாசம் என்று எழுத்து எழுத்தாகப் பார்க்கும் வசதி எனக்கு இங்கேதான் கிடைக்கிறது. அதை விட்டுவிட்டுப் போக மனசு வராது.

இவ்வளவு எழுதிய பிறகு நண்பருக்கு என்ன பதில் அனுப்பினேன் தெரியுமா? "சரிப்படும் என்று முதலில் சொன்னதை மறந்துவிடுங்கள். மியூஸ்ஸ்கோரிலேயே போடுங்கள்." அவருக்கு இந்த மாதம் ஒரே ஒரு பாட்டுதான், அதுவும் அவசரம். ஒரு பாட்டுக்காக யாரும் அடிக்கோடு எண்ணிப் பழக வேண்டாம். மாதம் ஒரு பாட்டு என்று ஆனால் மறுபடி கேட்கட்டும், அப்போதும் நான் என்ன மூடில் இருப்பேனோ.

அதை அனுப்பிவிட்டு, பாதியில் விட்டிருந்த என் பாட்டின் மூன்றாவது சரணத்தை எடுத்தேன். பாருக்கு ஒரு கோடு போட்டு ஓட்டினேன். ஒன்பதாவது பாரில் எச்சரிக்கை. அசைகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணினேன், மூன்று தடவை. எல்லாம் சரியாகவே இருந்தது. அந்த பார் ஓய்வுக் குறியில் தொடங்குகிறது.