ஆலப்புழாவில் ஹவுஸ்போட் பேசப் போகிறவர்கள் அட்வான்ஸ் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பொங்கல் லீவில் ஆலப்புழா போய் ஹவுஸ்போட்டில் ஏமாற்றப்பட்டோம். மொத்தம் 16,000 ரூபாய். பணம் போனதைவிட எனக்கு ஆறாதது, என் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன படகில் அவர்கள் அளவுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட்கூட இல்லை என்பதுதான். திருநெல்வேலி, தென்காசிப் பக்கமிருந்து செங்கோட்டை வழியாகவும், மதுரை, தேனிப் பக்கமிருந்து குமுளி வழியாகவும் லீவு விட்டால் கார் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் தயவுசெய்து முழுதாகப் படித்துவிட்டுப் போங்கள்.

நாங்கள் போனதே அம்மாவுக்காகத்தான். சேரன்மகாதேவிப் பக்கம் தாமிரபரணித் தண்ணீரில் நெல் நட்டே வாழ்ந்தவள். ஆலப்புழாவை ஒட்டிய குட்டநாட்டில் கடல் மட்டத்துக்கும் கீழே நெல் விளைகிறது, ஆற்றுத் தண்ணீர் மேலே ஓட, வயல் கீழே கிடக்கும் என்று நான் சொன்னதிலிருந்து, "ஏட்டி, தண்ணிக்குக் கீழ வயலுன்னா பயிரு எப்படி நிக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சனவரியில், அங்கே புஞ்சை என்று சொல்கிற நெற்பயிர் பச்சையாக நிற்கும், அந்த நேரத்தில் போனால் கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்று பொங்கலுக்குத் திட்டம் போட்டோம்.

இணையத்தில் பார்த்த ஒரு ஏஜென்ட். நல்ல தமிழ் பேசினார். இரண்டு படுக்கையறை, மேல்தளத்தில் உட்காரும் இடம், கண்ணாடி சன்னல் என்று வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பினார். பன்னிரண்டு மணிக்கு ஏறலாம், மாலை ஐந்தரை வரை ஓடும், கைநகரி பக்கத்துச் சின்னக் கால்வாய்களுக்குள் போவோம், கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிற ஆர் பிளாக் என்ற வயலைக் காட்டுவோம், ஆளுக்கு ஒரு கரிமீன் பொரியல், ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை ஏசி, காலையில் மறுபடி ஒரு மணி நேர ஓட்டம். இவ்வளவும் அவர் குரலிலேயே என் போனில் இருக்கிறது. 6,000 அட்வான்ஸ் அனுப்பினோம். மீதியைப் படகில் ஏறும்போது தரவேண்டும் என்றார்.

ஊருக்குள் நுழைந்ததும் பைக்கில் ஆட்கள் விரட்ட ஆரம்பித்தார்கள். டிஎன் நம்பர் பலகையைப் பார்த்தால் போதும், சன்னலை ஒட்டியே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து "அண்ணா, போட்டு வேணுமா?" என்று கேட்பார்கள். ஏற்கெனவே பேசிவிட்டோம் என்றால், "அந்த போட்டு கேன்சல் அண்ணா, ஓனர் எனக்குத் தெரிஞ்ச ஆளு" என்று கூசாமல் சொல்கிறார்கள். இவர்களுக்காகக் காரை நிறுத்தவே வேண்டாம்.

புன்னமடைத் துறையில் ஒன்றே முக்கால் மணி வரை பிள்ளைகளோடு வெயிலில் நின்றோம். வந்த படகு படத்தில் பார்த்ததில்லை. மேல்தளம் கிடையாது, பெயரும் வேறு. போன் செய்தால், "சேச்சி, அது இன்ஜின் ரிப்பேர். இது அதைவிட நல்ல போட்டு" என்றார். பண்டிகை நேரம், வேறு எந்தப் படகும் காலியில்லை, பின்னால் அடுத்த வண்டி ஹாரன் அடிக்கிறது. இப்படி ஒரு நெருக்கடியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் படகை மாற்றுகிறார்கள். மீதிப் பத்தாயிரத்தையும் கரையை விட்டுக் கிளம்பும் முன்பே ஏஜென்ட் அனுப்பிய பையன் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

படகு கிளம்பியது. ஏரி அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்கமாட்டேன். வேம்பநாட்டுக் காயலில் அந்த நேரம் ஆகாயத்தாமரை ஏராளமாக மிதந்து வரும். கடல் உப்பு வயலுக்கு ஏறாமலிருக்க தண்ணீர்முக்கத்துத் தடுப்பணையின் ஷட்டர்களை மழை ஓய்ந்த மாதங்களில் அடைத்துவிடுவார்கள், உப்பு ஏறாத தண்ணீரில் அந்தச் செடி செழித்துவிடுகிறது. அதை ஒதுக்கிக்கொண்டு படகு மெல்லப் போனது. பிள்ளைகள் நீர்க்காகத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

நாலு மணிக்கு ஒரு தென்னந்தோப்புக் கரையில் படகைக் கட்டிவிட்டார்கள். டீ குடிக்க நிறுத்துகிறார்கள் என்றுதான் நினைத்தோம். இஞ்சினை அணைத்துவிட்டு, "இனி நாளைக்குத்தான்" என்றார் ஸ்ராங்கு. படகு ஓட்டுகிறவரை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். ஐந்தரைக்கு மேல் ஓட்டக்கூடாது என்பது சட்டம் என்றார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லவேண்டும், ஏனென்றால் நிறையப் பேரை இதை வைத்தே வாயடைக்கிறார்கள். மாலை ஐந்தரைக்கு மேல் ஹவுஸ்போட் ஓடக்கூடாது என்பது உண்மையான கட்டுப்பாடு, நியாயமானதும்கூட. அந்த நேரத்தில்தான் உள்ளூர் மீனவர்கள் வலை விரிக்கிறார்கள். பெரிய படகு குறுக்கே போனால் வலை கிழிந்துபோகும், அவர்கள் பிழைப்பு போய்விடும். ஆனால் ஐந்தரைக்கும் நாலுக்கும் இடையில் இருக்கிற ஒன்றரை மணி நேரம் நமக்குச் சேரவேண்டியது. அதை விதியின் பெயரைச் சொல்லி எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நேரத்துக்கான டீசல் மிச்சம்.

சின்னக் கால்வாய் எங்கே என்று கேட்டேன். இந்த அளவுப் படகு அதற்குள் நுழையவே நுழையாது என்றார் ஸ்ராங்கு. அவர் சொன்னது சரிதான். இரண்டு அறை ஹவுஸ்போட் குறுகலான கால்வாய்க்குள் திரும்ப முடியாது. அங்கே போகவேண்டுமென்றால் ஷிகாரா என்கிற சின்னக் கூரைப் படகோ துடுப்பு வள்ளமோதான் ஆகும், அதற்குத் தனியாக 1,500 கேட்டார்கள். ஆக, நடக்கவே முடியாத ஒன்றை நடக்கும் என்று சொல்லித்தான் ஏஜென்ட் எங்களிடம் காசு வாங்கியிருக்கிறார். ஆர் பிளாக்? "அது தூரம், எங்ககிட்ட யாரும் சொல்லல." கரிமீன்? "இன்னைக்குக் கிடைக்கல." வழியில் கரையோர மீன் கடை ஒன்றில் மட்டும் தவறாமல் நிறுத்தினார்கள். அங்கே பெரிய பெரிய இறாலும் கரிமீனும் ஐஸில் அடுக்கி இருந்தன. விலை நம் ஊர்ச் சந்தையில் கேட்டால் அடிக்க வருவார்கள், அப்படி ஒரு விலை. நாங்கள் வாங்கவில்லை.

ராத்திரி அத்தனை பேரும் வேர்த்து எழுந்து உட்கார்ந்தோம். ஒரு மணிக்கே ஜெனரேட்டர் நின்றுவிட்டது, ஏசியும் நின்றது. கொசுவுக்காகச் சன்னலைத் திறக்கவும் முடியவில்லை. என் வீட்டுக்காரர் வெளியே போய்ச் சமையல்காரரோடும் ஸ்ராங்கோடும் பேசிக்கொண்டிருந்தபோதுதான் முழு விவரமும் தெரிந்தது. நாங்கள் கொடுத்த 16,000-இல் படகு முதலாளிக்குப் போனது 9,000. நடுவில் இரண்டு ஏஜென்ட்டுகள். முதலாளி இவர்களுக்குச் சொன்னது ஒரே வரி: நாலு மணிக்குக் கட்டு, இவ்வளவு டீசலுக்கு மேல் போகாதே. எங்களுக்கு என்னென்ன சொல்லியிருந்தார்கள் என்பது அந்த இரண்டு பேருக்கும் சுத்தமாகத் தெரியாது. சமையல்காரர் தன் கைக்காசில் வாங்கி வைத்திருந்த கொசுவத்தியை எங்களுக்குக் கொளுத்திக் கொடுத்தார். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

இந்தத் தொழிலில் பணம் வாங்குகிறவர் ஒருவர், படகுக்குச் சொந்தக்காரர் இன்னொருவர், ஓட்டுகிறவர்கள் வேறு ஆட்கள். முதலாமவர் கொடுத்த வாக்கு படகில் இருப்பவர்களின் காதுக்குப் போவதே இல்லை. இது தெரியாமல் ஏஜென்ட்டிடம் எத்தனை கேள்வி கேட்டாலும், எத்தனை வாக்குறுதி வாங்கினாலும் பயனில்லை. அட்வான்ஸ் அனுப்பும் முன் படகின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேரளத்தில் ஒவ்வொரு ஹவுஸ்போட்டும் பதிவு செய்யப்பட்டிருக்கவேண்டும், எண் படகின் பக்கவாட்டில் எழுதப்பட்டிருக்கும். "கேஐவி" என்று தொடங்கும், ஆலப்புழாவுக்கு "ஏஎல்பி" என்று வரும். எண்ணோடு சேர்த்து இன்று எடுத்த படம் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். படகு முதலாளியிடம் இரண்டு நிமிடம் பேசவேண்டும் என்று சொல்லுங்கள். எண் தரமாட்டேன், முதலாளியோடு பேச வைக்கமாட்டேன் என்றால் அவரிடம் படகே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். மீதிப் பணத்தைத் துறையில் வந்து நிற்கும் பையனிடம் கொடுக்காதீர்கள். படகு கிளம்பி, நேரமும் வழியும் ஸ்ராங்கின் வாயால் உறுதியான பிறகு முதலாளியின் கணக்குக்கே அனுப்புங்கள்.

எங்கள் படகில் அந்த எண் வெளியே தெரியவில்லை. கரையில் இடிக்காமலிருக்கத் தொங்கவிடும் பழைய டயர் சரியாக அதன்மேல் தொங்கியது. என் வீட்டுக்காரர் காலையில் டயரை நகர்த்திப் படம் எடுத்துவைத்தார்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். ஏறியவுடன் கேட்டேன். பெஞ்சுக்கு அடியில் பூட்டி வைத்திருந்தார்கள், சாவியைத் தேடி எடுக்கவே நேரமானது. பெரியவர்களுக்கானவை சில இருந்தன, வார் அறுந்தவையும் அதில் உண்டு. என் ஆறு வயது மகளுக்குப் போட்டால் தலை வழியாகக் கழன்று வருகிறது. "ஹவுஸ்போட் கவிழாது சேச்சி" என்றார்கள். இதே வேம்பநாட்டுக் காயலில் 2002 சூலை 27 அன்று முகம்மாவிலிருந்து குமரகம் போன பயணிகள் படகு மூழ்கி 29 பேர் இறந்தார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில், மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றி, அளவுக்கு மேல் ஆள் ஏற்றி ஓட்டியதில் 22 பேர் போனார்கள், அதில் பலர் குழந்தைகள். அந்தப் படகுகளிலும் ஏறும்போது யாரும் கவிழும் என்று நினைத்து ஏறியிருக்கமாட்டார்கள். உங்கள் பிள்ளை அளவுக்கு ஜாக்கெட் இருக்கிறதா என்று கரையில் நிற்கும்போதே போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ஏறாதீர்கள், சண்டை வந்தாலும் பரவாயில்லை.

காலை ஓட்டம் என்று சொன்னது, கட்டிய இடத்திலிருந்து துறைக்குத் திரும்பி வந்ததுதான். எட்டரைக்கு இறக்கிவிட்டார்கள். ஏஜென்ட் போனை எடுக்கவில்லை.

அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. "பரவால்ல, ஏரியைப் பாத்தாச்சுல்லா" என்றாள். அவளை அப்படியே ஊருக்குக் கூட்டிப்போக மனசில்லாமல் ஆலப்புழா படகுத்துறைக்குப் போனோம். மாநில நீர்ப்போக்குவரத்துத் துறையின் பயணிகள் படகுகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. ஊர் சனங்களுக்கு அதுதான் டவுன் பஸ். டிக்கெட் ஆளுக்குச் சில பத்து ரூபாய்தான். மளிகைப் பையோடு பெண்கள், ரேஷன் அரிசியோடு ஒரு பெரியவர், ஒவ்வொரு கரையிலும் கட்டி ஏற்றி இறக்கிக்கொண்டே போகிறது. கைநகரி தாண்டிப் போகும்போது வரப்புக்கு அந்தப் பக்கம் வயல் தெரிந்தது. எங்கள் படகு மிதந்த மட்டத்துக்கு நிச்சயமாகக் கீழே, கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. வரப்பில் பெட்டியும் பறையும் என்று சொல்லும் மரப்பெட்டி இறைவையையும் பார்த்தோம். வயல் தண்ணீரை இறைத்து ஆற்றில் விட்டுத்தான் அங்கே விதைக்கவே முடிகிறது. அம்மா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "வரப்பு ஒரு இடத்துல ஒடைஞ்சா அம்புட்டும் போச்சே" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பெண்ணுக்குத் தமிழ் புரிந்திருக்கிறது. 2018 வெள்ளத்தில் அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்த உயரத்தைக் கையால் காட்டினார். குட்டநாட்டைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், இரவு தங்குவது முக்கியமில்லை என்றால், இந்தப் படகே போதும். கோட்டயம் வரைக்கும் போகிற படகும் உண்டு, ஏறக்குறைய இரண்டரை மணி நேரப் பயணம்.

ஏமாந்துபோனவர்கள் "வேற மாநிலம், வழக்குக்கு அங்கே யார் அலைவது" என்று விட்டுவிடுகிறார்கள். ஏஜென்ட்டுகளும் அந்தத் துணிச்சலில்தான் இருக்கிறார்கள். அலையவேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது, 2 ஆண்டுக்குள் கொடுத்தால் போதும், இணையவழியாகவும் கொடுக்கலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிடுங்கள். குரல் பதிவுகள், அனுப்பிய படங்கள், பணம் போன ரசீது, படகின் எண் எதையும் அழிக்காதீர்கள். பேசியதையெல்லாம் எழுத்தில் ஒரு செய்தியாகத் திருப்பி அனுப்பி, "சரி" என்று ஒரு பதில் வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

நாங்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய பிறகுதான் அந்த ஏஜென்ட்டின் போன் வேலை செய்ய ஆரம்பித்தது. இரண்டாயிரம் தருகிறேன், கூகுளில் எழுதியதை எடுத்துவிடுங்கள் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டோம். திருநெல்வேலி மாவட்ட ஆணையத்தில் கொடுப்பதற்காகக் காகிதங்களைத் தயார் செய்துகொண்டிருக்கிறோம். பொங்கல் சமயத்தில் இதே மாதிரி ஒரு படகைக் காட்டிவிட்டு வேறு படகில் ஏற்றி, நாலு மணிக்கே கட்டிவிட்ட அனுபவம் உங்களுக்கும் இருந்தால், ரசீதையும் குரல் பதிவையும் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள். ஏஜென்ட் ஒரே ஆளாக இருந்தால் சேர்ந்தே புகார் கொடுப்போம்.