87,500 ரூபா குடுத்து வாங்கின தகரத் தொப்பி – கவசம் வாங்க நினைக்கிற ஆக்கள் ஒருக்கா வாசிச்சிட்டுப் போங்கோ

கை நடுங்க நடுங்கத்தான் ரைப் பண்ணுறன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ. இண்டைக்குக் காலமை ஒன்பது மணிக்கு கவசம் வித்த ஒன்லைன் கடைக்காரங்கள் என்னை புளொக் பண்ணிட்டாங்கள். 87,500 ரூபா. வயல் காசு. மாசி அறுவடையில அப்பா எனக்கெண்டு பிரிச்சுத் தந்த பங்கு, அப்பிடியே போட்டுது. நடந்ததை முழுக்கச் சொல்லுறன், கடைசியில வாங்கேக்க என்னென்ன பாக்கோணும் எண்டு ஒண்டொண்டா எழுதுறன்.

முதல்ல உது என்ன கவசம் எண்டு கேக்கிற ஆக்களுக்கு. நாங்கள் கிளிநொச்சிப் பக்கம் ஐஞ்சு பெடியள். ஐரோப்பாவில அந்தக் காலத்து நைற்மார் போட்ட மாதிரிக் கவசம் செய்து, அதைப் போட்டுக்கொண்டு பிரம்பு வாளால அடிபடுறதுதான் எங்கட பொழுதுபோக்கு. சிரிக்கிற ஆக்கள் சிரிச்சு முடியுங்கோ, ஊரே சிரிச்சு முடிஞ்சுது. கனடாவில இருக்கிற பெரியம்மான்ர மகன் அண்ணாதான் பழக்கிவிட்டவர். அமெரிக்காவில 1966ல கலிபோர்னியாவில பெர்க்லியில தொடங்கின ஒரு சங்கம் கிடக்கு, சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரோனிசம் எண்டு, அவை பிரம்பாலதான் அடிபடுவினம், ஆனா அடி உண்மையான அடி. புஹூர்ட் எண்டு சொல்லி மொட்டை இரும்பு வாளாலயே சாத்துப்படுற ஆக்களும் ஐரோப்பாவில இருக்கினம். எங்களுக்குப் பிரம்பு போதும். வன்னியில ஒரு வாளோட, அது கூரோ மொட்டையோ, றோட்டில போய்ப் பாருங்கோ, வாள்வெட்டுக் குறூப் எண்டு பொலிஸ் ஏத்திக்கொண்டு போயிடும், பிறகு நான் நைற் ஐயா எண்டு நீதவானுக்கு விளங்கப்படுத்த ஏலாது.

கை, கால், தோள் எல்லாம் நாங்களே செய்தது. தோளுக்கும் தொடைக்கும் தண்ணி பிடிச்சு வைக்கிற நீலப் பரலை வெட்டி, சூடாக்கி வளைச்சு, மேல தோல் ஒட்டினது. முழங்கையும் முழங்காலும் 1.6 மில்லிமீற்றர் தகடு, பாலைமரக் குத்தியில குழி தோண்டி அதுக்குள்ள தகட்டை வைச்சு உருண்டைச் சுத்தியலால நாள்கணக்கா அடிச்சுக் குழிவாக்கினது. பட்டடைக்குப் பதிலா ஒரு துண்டுத் தண்டவாளம். புதுத் தகடுதான் வாங்குறது, இஞ்ச நிலத்தில கிடந்த இரும்பு சண்டைக் காலத்துக் குண்டாயும் இருக்கும், அதைக் கொண்டுவந்து நெருப்பில வைக்கப்படாது எண்டு ஒருத்தருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. துருதான் பெரிய சனியன், விடியப்புறம் வயலுக்க அடிபட்டிட்டு வியர்வையோட கழட்டி வைச்சா பின்நேரத்துக்குள்ள செம்மஞ்சளாப் பூத்திடும், தேங்காயெண்ணெய் பூசினா கொஞ்ச நாளில பிசினாகி நாறும், தையல் மெசின் எண்ணெய்தான் சரி. இதெல்லாம் சமாளிச்சிட்டம்.

ஆனா தலை விளையாட்டில்ல. அந்தச் சங்கத்து விதிப்படி ஹெல்மெட் தகடு ஆகக் குறைஞ்சது 16 கேஜ், அதாவது 1.6 மில்லிமீற்றர் கிட்ட இருக்கோணும், முகத்தில இருக்கிற இடைவெளியால ஒரு அங்குலத் தடி உள்ள போகப்படாது, உள்ளுக்கு அரை அங்குலத்துக்கு ஸ்பொஞ்ச் வேணும். வாளுக்கு எடுக்கிற பிரம்பு ஒண்டே கால் அங்குல மொத்தம், அதை ஒருத்தன் இடுப்பைத் திருப்பி விசிறினா எப்பிடி இருக்கும் எண்டு யோசியுங்கோ. வெல்டிங் ஐயாட்டக் கேட்டன். "வாசல் கேற் எண்டா அடிச்சுத் தருவன் தம்பி, உது உன்ர மண்டையெல்லோ, பிழைச்சா கொம்மாவுக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது" எண்டிட்டார்.

அப்பதான் அந்தப் பக்கம் கண்ணில பட்டது. பேர் போடமாட்டன், பேர் போட்டா வழக்கு வைப்பம் எண்டு வொய்ஸ் அனுப்பினவங்கள், அந்தப் பயம்தான் எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ. பேஸ்புக்கில நடக்கிற ஒரு ஒன்லைன் கடை, வெளிநாட்டுச் சாமான் இறக்கித் தாறம் எண்டு சொல்லுறவங்கள், கொழும்பு அட்ரஸ், நல்லாத் தமிழ் கதைக்கிற ஒருத்தர்.

நான் ஒண்டும் தெரியாமப் போய் விழேல்ல. முதல் மெசேஜிலயே கேட்டனான், சங்கிலிச் சட்டை, அதாவது இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்யிற சட்டை, ரிவெட் அடிச்ச வளையமோ சும்மா முட்ட வைச்சதோ, உருக்கோ அலுமினியமோ, தொப்பி எத்தினை கேஜ் எண்டு. "தம்பி நல்லாப் படிச்சிட்டுத்தான் வந்திருக்கிறீர்" எண்டு வொய்ஸ் வந்தது. அதில கொஞ்சம் குளிர்ந்துபோனன், உண்மையச் சொல்லுறன். வளையம் எல்லாம் உருக்கு, ரிவெட், தொப்பி 14 கேஜ், அதாவது 2 மில்லிமீற்றர் கிட்ட, எண்டார். பிறகு அவர் கேட்டார், "தலைச்சுற்று எவ்வளவு? புருவத்துக்கு ஒரு விரல் மேலால நாடா பிடிச்சு அளவும், ஸ்பொஞ்சுக்கு இடம் விட்டு எடுத்துத் தாறன்." அம்மான்ர தையல் நாடாவை எடுத்து அளந்தன், 57 சென்ரிமீற்றர். நாடியில இருந்து உச்சி மட்டும் எவ்வளவு எண்டும் கேட்டார், அம்மா ஸ்கேல் பிடிக்க அதையும் அளந்து அனுப்பினன். சொல்லுங்கோ, நாடி அளவு கேக்கிறவன் காசு அடிப்பான் எண்டு ஆர் நினைப்பான்?

அதுக்கு மேல ஒரு வீடியோ. 14 கேஜ் எண்டுறியள், அளந்து காட்டுங்கோ எண்டன். அரை மணித்தியாலத்தில வந்திட்டுது. ஒரு கை, தொப்பியின்ர கீழ் விளிம்பு, தகட்டு மொத்தம் அளக்கிற டிஜிற்றல் வேர்னியர், திரையில 2.0 மில்லிமீற்றர். நான் அதை ஒரு பத்துத் தரம் போட்டுப் பாத்திருப்பன். பெடியளுக்கும் அனுப்பினன். கனடா அண்ணாவும் பாத்திட்டுப் பெருவிரல் போட்டார். தொப்பி 46,000, சங்கிலிச் சட்டை 41,500. அரைவாசி முதல் போடுறன் எண்டு கேக்க, முழுக்கப் போட்டா கூரியர் காசு இல்லை தம்பி எண்டார். அண்டிரவே 87,500 ரூபாவையும் போனால தட்டி விட்டிட்டன். கூரியர் காசு மிச்சம் பிடிச்சன் எண்டு சந்தோசம் வேற.

ரெண்டு கிழமை எண்டவங்கள், ஐஞ்சு கிழமை. அதை விடுவம்.

பார்சல் வந்த அண்டு பெட்டியை ஒரு கையால தூக்கினன். தூக்க முடிஞ்சுது, அதுதான் பிரச்சினை. உருக்குச் சங்கிலிச் சட்டை ஒண்டே பத்துக் கிலோ கிட்ட வரோணும். கடைத் தராசில கொண்டுபோய் வைச்சன், சட்டை 3 கிலோ 200, தொப்பி 1 கிலோ 650. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒண்டு வீட்டில கிடந்தது, சட்டையில வைக்க வழுக்கி விழுந்திட்டுது. அலுமினியம். ரிவெட் எண்டு சொன்னாங்களெல்லோ, ரிவெட் வளையம் எண்டா ரெண்டு முனையையும் தட்டையாக்கி, ஒண்டுக்கு மேல ஒண்டு வைச்சு, துளை போட்டு, குட்டி ஆணி அடிச்சு இறுக்கிறது. ஒரு சட்டைக்கு இருபதாயிரம் வளையத்துக்கு மேல வரும், அந்த வேலைக்குத்தானே காசு. இதில முனையும் முனையும் சும்மா முட்டிக்கொண்டு நிக்குது, பெருவிரல் நகத்தால நெம்ப வளையம் வாயைத் திறக்குது. நான் போட்டுப் பாத்துக் கழட்டினதுக்கே நிலத்தில பதினொரு வளையம் கொட்டுண்டு கிடந்தது, அம்மா கூட்டி அள்ளினவ.

தொப்பியில காந்தம் பிடிச்சுது, அதால கொஞ்சம் நம்பிக்கை. பின்வளவில நிக்கிற பனங்குத்தியில கவிழ்த்து வைச்சு, எங்கட ஆள் ஒருத்தன், பெரிய பலசாலி எண்டும் இல்லை, பிரம்பால ஒரு அடி. டங் எண்டு கேக்கோணும். தகரப்பேணி நசுங்கின சத்தம்தான் கேட்டது. நெத்தியில ஒரு விரல் ஆழத்துக்குக் குழி, கண்துவாரத்தடியில இருந்த தகடு வெல்டிங் விட்டு ஒருபக்கம் தொங்குது. ஒருத்தரும் கதைக்கேல்ல. போன சனிக்கிழமை அதை நான் போட்டுக்கொண்டு இறங்கிறதாத்தான் இருந்தது.

வேர்னியர் 2.0 காட்டினதே, அதெப்பிடி எண்டு எனக்கு விளங்கவேயில்ல. வெல்டிங் ஐயாட்டக் கொண்டுபோனன். அவர் வேர்னியரை எடுக்கவேயில்ல, கீழ் விளிம்பு வழிய உள்பக்கமா விரலை ஓட்டிக்கொண்டு வந்து சிரிச்சார். "தம்பி, உது மடிப்பு." ஹக்ஸோவை எடுத்து விளிம்பில ரெண்டு இழுவை இழுத்துக் காட்டினார். வெட்டின இடத்தில ரெண்டு தகடு, வாளி விளிம்பு மடிச்சிருக்குமே, அதே மாதிரி, நடுவில மயிரிழை மாதிரிக் கறுப்புக் கோடு. மடிப்பில்லாத இடத்தில அளந்தா 0.9. அதாவது 20 கேஜ், சுவரில கொழுவி வைக்கிற அலங்காரச் சாமான். ரெண்டு 0.9, மேல பெயின்ற், கிட்டத்தட்ட 2.0. வீடியோவில பொய்யே இல்லை! அளந்தது உண்மை, காட்டினது உண்மை, அளந்த இடம்தான் களவு. அதுதான் இப்பவும் நெஞ்சுக்க நிண்டு எரியுது. கேஜ் கேக்கிற என்னை மாதிரி அரைகுறைகளுக்கெண்டே ஆயத்தமா வைச்சிருக்கிற வீடியோ அது.

அதுக்குப் பிறகு நடந்த கூத்து. முதல் நாள் போட்டோ எல்லாம் அனுப்பினன், நீலச் சரி விழுந்தது, மறுமொழி இல்லை. ரெண்டாம் நாள் "தம்பி ஸ்டோர்ல கேட்டுச் சொல்லுறன்." மூண்டாம் நாள் ஒரு பொம்பிளைப்பிள்ளை கதைச்சா, "சேர், அந்த அண்ணா லீவு." நாலாம் நாள் அந்த அண்ணா இப்ப எங்களோட வேலை செய்யிறேல்ல எண்டினம். ஐஞ்சாம் நாள் அதே குரல், அதே ஆள், வேற பேர் சொல்லிக்கொண்டு, "மிஸ்டர், நீங்கள் அடிச்சுச் சேதமாக்கின பொருளுக்கு நாங்கள் பொறுப்பில்ல." கவசம் ஐயா அது! அடி வாங்கிறதுக்குத்தானே அது! தம்பியா இருந்த நான் சேர் ஆகி மிஸ்டர் ஆகிட்டன். பதிவைப் போய்ப் பாத்தா "அலங்காரப் பாவனைக்கு மட்டும்" எண்டு ஒரு வரி புதுசா முளைச்சிருக்கு. நான் வாங்கேக்க அந்த வரி இல்லை, ஆனா நான் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைக்கேல்ல. விசரன் நான்.

வங்கியில போய்க் கேட்டன், நீங்களே உங்கட விருப்பத்தில அனுப்பின காசு, எங்களால திருப்பி எடுக்க ஏலாது எண்டு மரியாதையாச் சொல்லி அனுப்பிச்சினம். முறைப்பாடு எழுதப் போன இடத்தில, எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை வைச்சிட்டு என்னை மேலயும் கீழயும் பாத்தார், "இரும்புத் தொப்பி எதுக்கு, ஆரோட சண்டை?" பொழுதுபோக்கு எண்டன். "பண்டாரவன்னியன் நாடகமோ?" எண்டார். வன்னி அரசன் பண்டாரவன்னியன் தோத்ததைச் சொல்லுற கற்சிலைமடுக் கல்லுல 1803 ஒக்டோபர் 31 எண்டு கிடக்கு, அந்தக் காலம் துவக்கும் பீரங்கியும் வந்து ஐரோப்பாக்காரரே முழுக் கவசத்தைக் கழட்டி வைச்சுக் கனகாலம், இதை அவருக்கு விளங்கப்படுத்திற நிலைமையிலயோ நான் நிண்டனான்? ஓம் ஐயா நாடகம்தான் எண்டு கையெழுத்து வைச்சிட்டு வந்திட்டன்.

அப்பா ஒண்டும் சொல்லேல்ல. அதுதான் கூடச் சுடுது. "87,500க்கு ரெண்டு போகத்துக்கு உரம் போட்டிருக்கலாம்" எண்டு அம்மாட்டச் சொல்லுறது குசினிக்கால கேட்டது, அவ்வளவுதான். கனடா அண்ணா காசு அனுப்பட்டோ எண்டு கேட்டார், வேண்டாம் எண்டிட்டன்.

ஒண்டொண்டா எழுதுறன் எண்டு மேல சொன்னனான், இப்ப ஏலாமக் கிடக்கு, தலை இடிக்குது. கிடைச்சதை வைச்சுக்கொள்ளுங்கோ: தொப்பி விளிம்பில அளக்க விடாதேங்கோ, மடிப்பில்லாத இடமாப் பாத்து வேர்னியரை வைக்கச் சொல்லுங்கோ. அதைவிடத் தராசில வைச்சு வீடியோ கேளுங்கோ, 2 மில்லிமீற்றர் உருக்கு எண்டா ஒரு சதுர அடிக்கே ஒண்டரைக் கிலோ கிட்ட வரும், முழுத் தலையையும் மூடுற தொப்பி மூண்டு கிலோவுக்கு மேல நிக்கோணும், அதில ஒருத்தரும் மடிச்சு ஏமாத்த ஏலாது. சட்டைக்குக் காந்தம். பதிவு முழுக்க ஸ்கிரீன்ஷொட். முழுக் காசு முதலே போடாதேங்கோ, கூரியர் ப்ரீ எண்டா இன்னும் போடாதேங்கோ.

எழுதிக்கொண்டிருக்கேக்க தம்பியின்ர போனால அந்தப் பக்கத்தைத் திறந்து பாத்தன். நேற்றிரவு புதுசா ஒரு பதிவு போட்டிருக்கிறாங்கள். அதே தொப்பி, அதே கை, அதே வேர்னியர், 2.0. கீழ ஏழு பேர் விலை கேட்டிருக்கினம்.