செங்யூ அகராதிச் செயலி: நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு

விலை பாதியாகிவிட்டதே, வாங்கலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். சீன மொழி படிக்கத் தொடங்கியதிலிருந்து, நான்கு ஆண்டுகளாக செங்யூ எனப்படும் நான்கெழுத்துச் சீன மரபுத்தொடர்களுக்கான இந்தச் செயலியைத் தினமும் திறக்கிறேன். இணையம் இல்லாமலும் இயங்குகிறது. உச்சரிப்பு தெளிவு. ஒவ்வொரு செங்யூவுக்கும் பின்னால் உள்ள பழங்கதையைத் தந்திருக்கிறார்கள். அவற்றைப் படித்தபடியே விடிந்த இரவுகள் உண்டு.

ஆனால் நான்கு எழுத்துகளில் ஒன்று மாறினால் போதும், செயலி கைவிரித்துவிடும்.

குவாங்சோவில் ஒரு கடையில் கொசுவலை உறையின் மேல் ‘மோ மோ வூ வென்’ என்று அச்சிட்டிருந்தது. பெயர் வெளியே தெரியாமல் வாழ்வதைச் சொல்லும் செங்யூ அது. கேள்விப்படுதலைக் குறிக்கும் கடைசி எழுத்தை எடுத்துவிட்டு, அதே ஒலியுள்ள கொசுவின் எழுத்தைப் போட்டிருந்தார்கள். திரையில் விரலால் எழுதித் தேடினேன். ‘முடிவுகள் இல்லை.’ பக்கத்தில் நின்ற பாட்டி பார்த்தவுடன் சிரித்துவிட்டார். மீதி மூன்று எழுத்துகளும் ஒலியும் பழைய தொடரை மனத்தில் எழுப்பிவிடுகின்றன. கொசு அதன் மேல் வந்து உட்காருகிறது. இரண்டு பொருளும் ஒருசேரத் தெரிவதால்தானே சிரிப்பு!

அரசுக்கே இது பிடிக்கவில்லை என்பதும் உண்மை. 2014 நவம்பரில் ஒலிபரப்பு, ஒளிபரப்பு, விளம்பரங்களில் செங்யூவை மாற்றி எழுதத் தடை விதித்தபோது, ஓர் இருமல் மருந்து விளம்பரத்தையும் சுட்டிக்காட்டினார்கள். ‘கணமும் தாமதிக்கலாகாது’ என்ற தொடரின் முதல் எழுத்தை அது இருமலாக்கியிருந்தது. பிள்ளைகள் தவறாகக் கற்றுக்கொள்வார்கள் என்ற கவலை நியாயமானது. ஆகவே கொசுத் தொடரைச் செயலி விட்டதை மன்னிக்கிறேன்.

‘மெய் சியா யூ குவாங்’ விஷயத்தை மன்னிக்க முடியவில்லை. பன்றியின் காலைக் கீழே போகப்போக அழுத்திப் பார்த்தால் அதன் கொழுப்பு தெளிவாகத் தெரியும் என்று சுவாங்சி என்ற பண்டைச் சீனத் தத்துவ நூலில் வரும் மூலத் தொடர் அது. இரண்டு எழுத்துகள் இடம் மாறி, ‘மெய் குவாங் யூ சியா’ என்றாகி, நிலைமை மேலும் மேலும் மோசமாவதை இன்று குறிக்கிறது. செயலியில் இருப்பது மாறிய வடிவம் மட்டுமே. மூலத்தைத் தேடினால் ‘எழுத்துப்பிழையா?’ என்று கேட்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையான தொடரைப் பார்த்துக் கேட்கும் கேள்வியா இது? செயலியை உருவாக்கியவர்களுக்கு மூன்று முறை எழுதினேன். பதில் இல்லை.

இன்று காலையும் அதில்தான் இரண்டு தொடர்கள் படித்தேன். நண்பருக்கு ‘வாங்க வேண்டாம்’ என்று பதில் அனுப்பிவிட்டேன்.