குறி தவறினாலும் வெட்டு விழும்: 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் எந்தக் கிளாஸுக்கு அடி பலம்?

பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் மேசை விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதன் ஐந்தாம் பதிப்பின் விதிப் புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக் முதலில் 2014-இல் வந்தது. அதன் திருத்திய வடிவம் 2024 செப்டம்பரில் வெளியானது. 384 பக்கம், கெட்டி அட்டை, வெளியானபோது அமெரிக்க விலை 49.99 டாலர். பழைய 12 கிளாஸ்களே (கதாபாத்திர வகைகள்) இதிலும். ஆளுக்கு நான்கு சப்கிளாஸ். ஓவியங்கள், பின்னணிக் கதைகள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன, அவற்றை விடுவோம். சண்டை என்று வந்தால் யார் எவ்வளவு தேறுவார், பழைய புத்தகம் கையில் இருப்பவர் இதற்கும் காசு கொடுக்கலாமா என்பதுதான் இங்கே கேள்வி.

ஒப்பிட ஒரே அளவுகோல் வேண்டும். 5-ஆம் லெவல், முக்கியத் திறன் 18, அதாவது பகடையில் கூட்டும் மாடிஃபையர் +4. புரொஃபிஷியன்சி (பயிற்சிக்கான கூட்டல்) +3. எதிரியின் ஏசி (அடிபட எட்ட வேண்டிய எண்) 15. இருபதுமுகப் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி படும். 65 சதவீத வாய்ப்பு. இனி வரும் எண்கள் ஒரு ரவுண்டுக்கான (எல்லாரும் ஒரு முறை ஆடும் சுற்றுக்கான) சராசரி சேதம், கிரிட்டிக்கலையும் (20 விழுந்தால் சேதப் பகடை இரட்டிப்பு) சேர்த்து.

ஃபைட்டரிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் இந்தப் புத்தகத்தின் பெரிய மாற்றம் அவர் கையில்தான் இருக்கிறது. வெப்பன் மாஸ்டரி என்ற புது விதியின்படி ஒவ்வோர் ஆயுதத்துக்கும் தனிக் குணம் உண்டு. கிரேட்ஸ்வோர்டுக்கு ‘கிரேஸ்’: குறி தவறினாலும் பலத்தின் மாடிஃபையர் அளவுக்கு, இங்கே 4, சேதம் போய்ச் சேரும். தொடக்கத்தில் பலத்தை 17 வைத்து, 4-ஆம் லெவலில் கிரேட் வெப்பன் மாஸ்டர் ஃபீட்டை (தனித்திறமையை) எடுத்தால் பலம் 18 ஆகும், அடிக்கு 3 கூடுதல் சேதமும் வரும். கிரேட் வெப்பன் ஃபைட்டிங் பாணியில் 1, 2 விழுந்தால் 3 என்று எண்ண வேண்டும். அதனால் இரண்டு ஆறுமுகப் பகடைகளின் சராசரி 7-இலிருந்து 8 ஆகிறது. ஆக ஓர் அடி 8 + 4 + 3 = 15. அதில் 65 சதவீதம் 9.75, கிரிட்டிக்கலுக்கு 0.4, தவறும்போது கிரேஸ் தருவது 1.4. மொத்தம் 11.55, இந்த லெவலில் கிடைக்கும் இரண்டு வெட்டுக்கு 23.1. ஆக்‌ஷன் சர்ஜ் போட்டு வெட்டுகளை இரட்டிப்பாக்கினால் 46.2.

இதில் அந்த 1.4-ஐச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2014-இல் இதே ஃபீட், அடிக்கும் உருட்டலில் 5-ஐக் கழித்துச் சேதத்தில் 10-ஐக் கூட்டியது. பட்டால் யோகம், படாவிட்டால் அந்த முறையே வீண். இப்போது சூதாட்டம் போய்ச் சம்பளம் வந்திருக்கிறது. உச்சம் குறைந்தாலும் ‘தவறிவிட்டது, அடுத்தவர்’ என்ற சலிப்பு குறைந்ததே பெரிய லாபம்.

எல்லா மாஸ்டரியும் இவ்வளவு சுத்தமில்லை. மால், பேட்டில்ஆக்ஸ், குவார்ட்டர்ஸ்டாஃப் ஆகியவற்றின் ‘டாப்பிள்’ ஒவ்வோர் அடிக்கும் எதிரியைக் கான்ஸ்டிட்யூஷன் சேவ் (தப்பிக்கும் உருட்டல்) உருட்டச் சொல்கிறது, தவறினால் கீழே விழ வேண்டும். ஃபைட்டருக்கு 11-ஆம் லெவலில் மூன்று அடி, ஆக்‌ஷன் சர்ஜில் ஆறு. டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) ஆறு முறை உருட்டிக்கொண்டிருந்தால் மேசையே தூங்கிவிடும். இன்னொரு சிக்கல்: கீழே விழுந்தவனை அருகில் இருப்பவர் சுலபமாக அடிக்கலாம், ஐந்தடிக்கு அப்பால் இருக்கும் வில்லாளிக்கோ டிஸ்அட்வான்டேஜ் (இரு முறை உருட்டிச் சிறியதை எடுப்பது). குழுவில் ரேஞ்சரோ வார்லாக்கோ இருந்தால் டாப்பிளை எடுக்கும் முன் அவர்களைக் கேட்டுக்கொள்வது நல்லது.

‘நிக்’ பற்றிய குழப்பம் தனி ரகம். டேகர், சிமிட்டர் போன்றவற்றின் நிக், இரு லைட் (இலகு) ஆயுதங்களை ஏந்துபவரின் கூடுதல் அடியை, முறைக்கு ஒன்றே கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனிலிருந்து எடுத்து அட்டாக் ஆக்‌ஷனுக்குள்ளேயே வைத்துவிடுகிறது. இடம்தான் மாறுகிறது, எண்ணிக்கை கூடாது. அதை இன்னோர் அடி என்று எண்ணி மூன்றுக்குப் பதில் நான்கு உருட்டுகிறவர்கள் ஏராளம். அந்த நான்காவதற்கு டூயல் வீல்டர் ஃபீட் வேண்டும்.

நேரடி அடியில் முந்துவது பார்பேரியன். ரேஜ் (வெறி) தரும் சேதம் +2, ரெக்லெஸ் அட்டாக்கில் அட்வான்டேஜ் (இரு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது), அதே வாள், அதே ஃபீட்: 30.4. விலை என்ன? எதிரிகளும் அவரை அட்வான்டேஜோடு அடிப்பார்கள். கத்தி, அம்பு, தடி தரும் சேதத்தை ரேஜ் பாதியாக்கும். டிராகனின் நெருப்பு மூச்சுக்கு அந்தப் பாச்சா பலிக்காது.

மாங்க்தான் எதிர்பாராத வெற்றி. பழைய புத்தகத்தில் பரிதாபத்துக்குரிய ஆள். இப்போது மார்ஷியல் ஆர்ட்ஸ் பகடை நான்கு முகத்துக்குப் பதில் ஆறு முகத்தில் தொடங்கி, 5-ஆம் லெவலில் எட்டு முகம் ஆகிறது. ஒரு ஃபோகஸ் பாயின்ட் செலவழித்து ஃபிளரி போட்டால் நான்கு அடி, அடிக்கு 5.75 வீதம் 23. வெறுங்கையோடு ஃபைட்டரின் கிரேட்ஸ்வோர்டுக்குச் சமம்! பாயின்ட் தீர்ந்தாலும் மூன்று அடி, 17.25. ரியாக்‌ஷனாக டிஃப்லெக்ட் அட்டாக்ஸ் இந்த லெவலில் சராசரி 14.5 சேதத்தைத் தடுக்கும். அம்புக்கு மட்டுமில்லை, வாளுக்கும். எதிரியைச் செயலிழக்க வைக்கும் ஸ்டன்னிங் ஸ்ட்ரைக்கை டர்னுக்கு (ஒருவரின் ஆட்ட முறைக்கு) ஒரு முறை என்று கட்டியது டிஎம்களுக்குக் கிடைத்த நிம்மதி.

ரோக்கின் கணக்கு பார்க்க இளைத்திருக்கும்: ரேப்பியரில் ஒரே குத்து, மூன்று பகடைக் கூடுதல் சேதம் தரும் ஸ்னீக் அட்டாக்குடன் 13.1. ஸ்டெடி எய்ம் போட்டு நகராமல் நின்றால் அட்வான்டேஜுடன் 18.1. ஸ்னீக் அட்டாக் ‘ரவுண்டுக்கு’ ஒரு முறை என்று வாசிப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. புத்தகம் சொல்வது ‘டர்னுக்கு’. எதிரி விலகி ஓடும்போது கிடைக்கும் ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக் இன்னொருவர் டர்னில் நடப்பதால், நிபந்தனை பொருந்தினால் அதிலும் ஸ்னீக் அட்டாக் உண்டு. இதைத் தேடிப் போய் ஆடுகிறவருக்கும் ஆடாதவருக்கும் சேதம் கிட்டத்தட்ட இரு மடங்கு வேறுபடும்.

பாலடின் ரசிகர்கள் புலம்புவதில் நியாயம் உண்டு. அடியோடு கூடுதல் சேதம் தரும் டிவைன் ஸ்மைட் இப்போது ஸ்பெல் (மந்திரம்), போனஸ் ஆக்‌ஷன் கேட்கும், டர்னுக்கு ஒன்றுதான். சைலன்ஸ் மந்திர வட்டத்துக்குள் நின்றால் வாயைத் திறக்க முடியாது, ஸ்மைட்டும் இல்லை. இருந்தும் அடித்தளம் ஃபைட்டருடைய அதே 23.1, இரண்டாம் லெவல் ஸ்லாட்டில் (ஸ்பெல் போடச் செலவாகும் இருப்பு) மூன்று எட்டுமுகப் பகடை சேர்த்தால் 35-ஐத் தொடும். 6-ஆம் லெவலில் வரும் ஆரா, பத்தடிக்குள் இருக்கும் நண்பர்கள் எல்லாருடைய சேவிங் த்ரோவிலும் (சேவ்) கரிஸ்மாவைக் கூட்டுகிறது. அதற்காகவே ஒரு பாலடினைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ரேஞ்சரில்தான் புத்தகம் சறுக்குகிறது. 5-ஆம் லெவலில் குறையில்லை: ஷார்ட்ஸ்வோர்டும் சிமிட்டரும் ஏந்தி ஹன்டர்ஸ் மார்க் என்ற ஸ்பெல்லுடன் மூன்று அடி, 22.5-க்குக் குறையாது. வளர்ச்சிதான் இல்லை. 13, 17, 20 ஆகிய லெவல்களின் பரிசுகள் அனைத்தும் அந்த ஒரே ஸ்பெல்லையே சுற்றுகின்றன. அதற்கோ கான்சென்ட்ரேஷன் (ஒரு நேரத்தில் ஒரு ஸ்பெல்லுக்கே தரக்கூடிய கவனம்) வேண்டும், எனவே வேறு நல்ல கான்சென்ட்ரேஷன் ஸ்பெல்லைப் போட்டால் பரிசெல்லாம் பெட்டிக்குள். 20-ஆம் லெவலின் உச்சப் பரிசு, ஆறுமுகப் பகடை பத்துமுகமாவது. அடிக்குச் சராசரி 2 கூடும். இத்தனை மாதம் ஆடியதற்கு இதுவா?

வார்லாக் எல்ட்ரிச் பிளாஸ்ட் இரண்டு கதிரில் 12.9, அதையும் 120 அடி தூரத்தில் நின்றபடி. ஹெக்ஸ் ஸ்பெல்லைச் சேர்த்தால் 17.8.

இனி விசர்ட். ஃபயர்பால் என்ற நெருப்பு ஸ்பெல்லின் சராசரி 28. டெக்ஸ்டெரிட்டி சேவ் +2 உள்ள எதிரி, டிசி (சேவில் எட்ட வேண்டிய எண்) 15 என்றால் ஆளுக்கு 22.4. நான்கு பேர் வட்டத்துக்குள் சிக்கினால் 89.6. இருக்கும் இரண்டு ஸ்லாட்டுடன் ஆர்க்கேன் ரெக்கவரி ஒன்றை மீட்டுத் தரும். நாளுக்கு மூன்று குண்டு. குறுகலான பாதையில் நண்பர்கள் எதிரியோடு கட்டிப் புரளும்போது 20 அடி ஆரத்துக்கு இடம் கிடைக்காது என்பதே அதன் பலவீனம். சேதப் பட்டியலில் வராத வேலைதான் இன்னும் பயங்கரம். ஓகர் என்ற அரக்கனுக்கு விஸ்டம் சேவ் -2. எதிரிகளை மயக்கி நிறுத்தும் ஹிப்னாட்டிக் பேட்டர்னிலிருந்து தப்ப 17 விழ வேண்டும், அதாவது ஐந்தில் நான்கு பங்கு சிலையாகி நிற்கும். அப்புறம் மொத்தக் குழுவும் ஒவ்வொன்றாகச் சூழ்ந்து வெட்டலாம். அடிபட்டது விழித்துக்கொள்ளும் என்பதால் யாரை முதலில் தொடுவது என்று பேசி வைத்துக்கொள்ள வேண்டும். வாள்காரர்களுக்கு இவ்வளவு செய்தும் இந்த இடைவெளியைப் புத்தகம் மூடவில்லை, மூட முயலவும் இல்லை.

கிளெரிக்கின் கியூர் வூண்ட்ஸ் ஒரு பகடையிலிருந்து இரண்டாகியிருக்கிறது. சண்டைக்கு நடுவே குணப்படுத்துவது முன்பு நேர விரயம், இப்போது பரவாயில்லை.

இந்த எண்கள் எல்லாம் உங்கள் மேசையில் ஒரு நாளைக்கு எத்தனை சண்டை என்பதைப் பொறுத்துத் தலைகீழாகும். நாளுக்கு ஒரே சண்டை என்றால் விசர்டும் பாலடினும் இருப்பதையெல்லாம் அள்ளி வீசிவிட்டுத் தூங்கப் போவார்கள். நான்கைந்து சண்டையும் நடுவில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட்டும் இருந்தால் ஃபைட்டர், மாங்க், வார்லாக் கை ஓங்கும். அவர்களின் சரக்கு ஒரு மணி நேர ஓய்வில் திரும்பிவிடும்.

வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம். 2025-இல் இலவசமாக வெளியான எஸ்ஆர்டி 5.2 என்ற விதித் தொகுப்பில் 12 கிளாஸும் உண்டு, ஆளுக்கு ஒரு சப்கிளாஸோடு; கிரேட் வெப்பன் மாஸ்டர் ஃபீட் அதில் இல்லை, மேலே சொன்ன மற்ற கணக்குகளில் பெரும்பாலானவற்றை அதை வைத்தே சரிபார்க்கலாம். முதல் அச்சு கிடைத்தால், கான்ஜுர் மைனர் எலிமென்டல்ஸ் ஸ்பெல்லைப் பாருங்கள்: ஸ்லாட் ஒரு லெவல் ஏறினால் இரண்டு எட்டுமுகப் பகடை கூடும் என்றிருக்கும். பிழைதிருத்தத்தில் அதை ஒன்றாக்கிவிட்டார்கள். பென்சிலால் திருத்திவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள், இல்லையென்றால் மற்ற கிளாஸ்களுக்கு வேலை இருக்காது.