நான்கு ‘தெரியாது’கள்: எதைத் திரும்பத் திறந்து பார்க்கலாம்?

கடவுள் உண்டா, செத்த பிறகு என்ன ஆகிறோம் என்ற கேள்விகளுக்குத் ‘தெரியாது’ என்பவர்கள் எல்லோரும் ஒரே கட்சி இல்லை. ஆத்திகமும் நாத்திகமும் ஊரறிந்தவை, விட்டுவிடலாம். இங்கே பார்ப்பது புத்தர் காலத்துத் துறவி சஞ்சய பேலட்டபுத்தர், சமணர், புத்தர், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில உயிரியலாளர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி ஆகியோரின் பதில்களை. என் தேர்வு ஹக்ஸ்லி. புதிய சான்று வந்தால் பழைய ‘தெரியாது’வைத் திறந்து பார்க்க வழி இருக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

சஞ்சயரைப் பற்றி நம்மிடம் இருப்பது எதிரணியான பௌத்தர்களின் சாட்சியம். மறுவுலகம் உண்டா என்று கேட்டால், உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, இல்லாமலில்லை என்றும் சொல்லவில்லை என்பாராம். பௌத்த உரைகாரர்கள் இதைக் கைக்கு அகப்படாமல் நழுவும் மீனோடு ஒப்பிட்டார்கள். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்று நாம் சொல்வோமே, அதுபோல. ஏன் அங்கே நிற்கிறார் என்பதற்குக் காரணம் சொல்லாததால், எது வந்தால் நகர்வார் என்றும் கேட்க முடியாது.

சமணரின் ‘ஸ்யாத்’ (ஒரு நோக்கில்) வாதத்தைப் பலர் சந்தேகவாதம் என்று தவறாக எண்ணுகிறார்கள். மண்குடம், மண் என்ற நோக்கில் உண்டு. பொன் என்ற நோக்கில் இல்லை. உண்டு, இல்லை, சொல்லில் அடங்காது என்ற மூன்றையும் தனித்தும் சேர்த்தும் வைத்தால் ஏழு கூற்றுகள். ஒவ்வொன்றும் அதனதன் நோக்கில் உறுதியான கூற்றுதான். அதற்கும் மேலே, எல்லாம் அறியும் கேவல ஞானம் உண்டு என்கிறார்கள். நம் அறிவின் எல்லையைக் காட்ட அருமையான கருவி இது. ஆனால் எல்லையற்ற அறிவையும் ஏற்றுக்கொண்ட கருவி.

ஹக்ஸ்லியைப் புத்தரோடு ஒப்பிடும்போதுதான் கஷ்டம். உலகம் நிலையானதா, நிலையற்றதா, முடிவுள்ளதா, முடிவற்றதா, உயிரும் உடலும் ஒன்றா வேறா, ததாகதர் (முழு ஞானம் பெற்றவர்) இறப்புக்குப் பின் இருப்பாரா என்று சீடர் மாலுங்கியபுத்தர் அடுக்கும் பத்துக்கும் புத்தர் பதில் சொல்லவில்லை. பதிலுக்கு ஒரு கதை சொன்னார்: விஷ அம்பு தைத்தவன், எய்தவன் யார், என்ன குலம் என்று தெரியும்வரை அம்பைப் பிடுங்க விடமாட்டேன் என்றால் செத்துப்போவான். துக்கம் தீர உதவாததால் ஒதுக்கினாரே தவிர, அறிய முடியாது என்று சொல்லவில்லை. மறுபிறப்பை அவர் ஒதுக்கவும் இல்லை.

ஆனால் அந்தப் பட்டியலின் முதல் கேள்விக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். 1964-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு கொம்பு வடிவ ஆன்டெனாவில் விடாமல் ஓர் இரைச்சலைக் கேட்டார்கள். உள்ளே புறா எச்சத்தைத் துடைத்துப் பார்த்தும் போகவில்லை. எந்தத் திசையில் திருப்பினாலும் வெப்பநிலைக் கணக்கில் சுமார் 3.5 கெல்வின் அளவுக்கு அதே இரைச்சல். பிரபஞ்சம் ஒரு காலத்தில் அடர்ந்து கொதித்த நிலையில் இருந்ததன் மிச்சம் அது. அந்த நிலை இருந்தது சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று இன்று கணக்கிடுகிறோம். ‘நிலையானதா’ என்ற கேள்வியில் ஒரு பாதி ‘தெரியாது’விலிருந்து வெளியே வந்துவிட்டது. அதற்கு முன் என்ன என்ற பாதி உள்ளேயே இருக்கிறது. கேள்வியையே மூடிவைக்கும் மௌனத்தில் இந்தப் பிரிப்புக்கு இடமில்லை.

ஹக்ஸ்லியின் முறையில் இடமுண்டு. ‘அக்னாஸ்டிக்’ (அறியவில்லை என்பவர்) என்ற சொல்லை அவர் உருவாக்கியது 1869-இல். அவருக்கு அது ஒரு கொள்கை இல்லை, வேலை செய்யும் முறை. பகுத்தறிவு எவ்வளவு தூரம் கொண்டுபோகிறதோ அவ்வளவு தூரம் போ. நிரூபணமில்லாததை உறுதி என்று சொல்லாதே.

கையாளும்போது முதலில் கேள்வியை உடைக்க வேண்டும். ‘கடவுள் உண்டா’ என்று மொத்தமாக வைத்தால் எதுவும் நகராது. பிறர் செய்யும் பிரார்த்தனையால் நோயாளிக்குச் சிக்கல் குறையுமா என்பது சோதிக்கக்கூடிய துண்டு. 2006-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேர். பிரார்த்தனை நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்று மட்டும் சொல்லப்பட்டவர்களில், நடந்த பிரிவில் 52 சதவீதம் பேருக்குச் சிக்கல், நடக்காத பிரிவில் 51. நிச்சயம் நடக்கிறது என்று தெரிந்த பிரிவில் 59. இந்தத் துண்டில் இனி வெறுமனே ‘தெரியாது’ என்று நிற்பது சோம்பல். உலகில் தலையிடவே செய்யாத ஒரு படைப்பாளி உண்டா என்பது வேறு துண்டு. பொய்யாக இருந்தால் எது மாறித் தெரியும் என்று கேட்டால் பதிலில்லை, அங்கே நிற்கலாம்.

இதில் இரண்டு இடத்தில் சறுக்கும். ‘தெரியாது’ என்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று கணக்குப் போடுவது ஒன்று. சான்றில்லாத எல்லாக் கதைக்கும் ஐம்பது சதவீதம் கொடுக்க நேரும். ‘யாராலும் என்றும் அறிய முடியாது’ என்று தாவுவது மற்றொன்று. அதுவே நிரூபிக்க முடியாத உறுதி.

துக்க வீட்டில் ஹக்ஸ்லியின் முறை எந்த அளவுக்குத் தாங்கும் என்பதில் மட்டும் நான் அடித்துப் பேசமாட்டேன். அங்கே அம்புக் கதைக்கு வலு அதிகம் இருக்கலாம். 1860 செப்டம்பரில் ஹக்ஸ்லியின் மூத்த மகன் நோயல், நான்கு வயது நிறையும் முன்பே, ஸ்கார்லெட் காய்ச்சலில் இறந்தான். பாதிரியார் சார்லஸ் கிங்ஸ்லி ஆறுதல் சொல்லி எழுதினார். பதில் கடிதத்தில் ஹக்ஸ்லி எழுதியது: மனிதன் சாகாதவன் என்பதை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை, நம்பக் காரணம் தெரியவில்லை, பொய் என்று காட்டவும் வழியில்லை.