எங்கள் ஸ்கூல் வேன்: ஐந்துக்கு நாலு நட்சத்திரம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குப் புதிதாக வரும் நம் ஊர்க் குடும்பங்கள் வீடு கிடைத்ததும் அடுத்துக் கேட்பது, "ஸ்கூல் வேன் எது நல்லா இருக்கு?" என்பதுதான். ரிசர்வாயர் ஹில்ஸ் பக்கத்திலிருந்து என் மகள் மூன்று வருடமாகப் போகும் வேனைப் பற்றிச் சொல்கிறேன். ஓட்டுகிறவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு இந்திய வம்சாவளி அக்கா. தன் பெயரைப் போட வேண்டாம் என்றார், போடவில்லை.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய டொயோட்டா குவாண்டம். ஏசி செத்து வெகு நாளாகிறது. பிப்ரவரிப் புழுக்கத்தில் பிள்ளைகள் அவித்த கிழங்காக வந்து இறங்குகிறார்கள். மழை பெய்தால் கால் மணி நேரம் தாமதம், போனும் எடுக்க மாட்டார். ஓட்டும்போது எடுக்கக் கூடாதுதான், சரி. கிளம்பும் முன் ஒரு மெசேஜ் தட்டலாமே! மாதம் 950 ரேண்ட். பள்ளி பெரும்பாலும் மூடிக் கிடக்கும் டிசம்பருக்கும் பாதிப் பணம் வாங்குகிறார். ஒரு நட்சத்திரம் போனது இதனால்தான்.

இனி உட்காரும் விஷயம். திங்கள்கிழமை காலை ஒரு ஐஸ்கிரீம் டப்பா கைமாறும். உள்ளே எண் எழுதிய சோடா மூடிகள். எந்த எண் வருகிறதோ அந்த வாரம் அந்த இருக்கை. பெரிய பிள்ளை பக்கத்தில் சின்னப் பிள்ளை விழும்படி எண் போட்டிருக்கிறார். சின்னதுக்கு பெல்ட் மாட்டுவது, பையை எடுத்துக் கொடுப்பது, பள்ளி வாசலில் இறக்கிவிடுவது எல்லாம் பெரியதன் பொறுப்பு. வேனில் ஜூலு என்ற கறுப்பின மக்களின் பிள்ளைகள் ஆறு பேர், இங்கேயே பிறந்து வளர்ந்த இந்தியப் பிள்ளைகள் ஐந்து பேர், கலப்பினக் குடும்பத்துப் பையன் ஒருவன், அப்புறம் என் மகள்.

சேர்த்த முதல் வாரம் நான் போன் செய்தேன். "அக்கா, பாப்பாவை நம்ம பிள்ளைங்க பக்கத்துல உட்கார வைங்க, பாஷை தெரியாம பயப்படுறா" என்றேன். அவருக்கு மொத்தமே பத்துப் பதினைந்து தமிழ் வார்த்தைதான் தெரியும். "நோ தம்பி" என்றார். மீதியை ஆங்கிலத்தில் சொன்னார்: உன் மகள் பேசும் பாஷை அந்த இந்தியப் பிள்ளைகளுக்கும் தெரியாது, பிறகு யார் உங்கள் பிள்ளை? எனக்குப் பதில் வரவில்லை. கோபம் மட்டும் வந்தது.

இரண்டு மாதம் கழித்து அவரே கூப்பிட்டார். பக்கத்து இருக்கை ஜூலு சிறுமி சிப்ஸ் பொட்டலத்தை நீட்டியிருக்கிறாள். என் மகள், "உன் கையால் வாங்கக் கூடாது, அம்மா சொல்லியிருக்காங்க" என்றிருக்கிறாள். அப்படியெல்லாம் வீட்டில் சொல்லவில்லை என்று சண்டைக்கே போய்விட்டேன். நாங்கள் சொன்னது, தெரியாதவர்களிடம் எதையும் வாங்கித் தின்னாதே என்பதுதான். விசாரித்தால், அதே வாரம் 'பிள்ளை' என்று குடும்பப் பெயர் கொண்ட இந்திய வீட்டுப் பையனிடம் வாங்கித் தின்றிருக்கிறாள்! தெரியாதவர் யார் என்பதை அவளே முடிவு செய்துகொண்டாள். எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்திருப்பாள் என்று என் மனைவி சொன்னாள்.

நான் பாளையங்கோட்டைக்காரன். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் மணிக்கட்டில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்த்தே சாதி சொல்லிவிடுவார்கள். 2023ல் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு, அந்தக் கயிறுகளைத் தடை செய்யவும் வகுப்பில் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்கவும் 2024ல் பரிந்துரைத்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஐஸ்கிரீம் டப்பாதான் நினைவுக்கு வந்தது.

என் மகளின் பள்ளியில் இப்படிக் குலுக்கல் எல்லாம் கிடையாது. வகுப்பில் எல்லோரும் கலந்துதான் இருக்கிறார்கள். ஆனால் இடைவேளையில் பாருங்கள், இனம் இனமாகப் பிரிந்து மரத்தடிக்கு ஒரு கூட்டம், படிக்கட்டுக்கு ஒரு கூட்டம். பெரியவர்கள் மட்டும் என்ன? தெற்கே ஸ்காட்பரோ கடற்கரையில் யார் எங்கே குடை விரித்து உட்காருகிறார்கள் என்று ஆய்வாளர்கள் குறித்து 2003ல் வெளியிட்டார்கள். கடற்கரை எல்லோருக்கும் பொது. ஆனால் ஏறக்குறைய ஒவ்வொரு குடையின் கீழும் ஒரே இனம்.

அக்காவுக்கு இதில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று ஒருநாள் கேட்டேன். அவர் அம்மா டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இருந்தவர். 1949 ஜனவரியில் இந்தியக் கடைக்காரர் ஒருவர் கறுப்பினச் சிறுவனை அடித்ததில் பற்றிக்கொண்ட கலவரத்தில் 142 பேர் செத்தார்கள். பிறகு, இனத்துக்கு ஒரு குடியிருப்பு என்று பிரித்த 1950ஆம் வருடத்துக் குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி, இந்தியர்களை அவர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்தினார்கள். அக்கா படித்தது இந்தியர் மட்டும் படிக்கும் பள்ளியில். "பதினெட்டு வயது வரை ஒரு ஜூலு பிள்ளையோடு உட்கார்ந்து பேசியதே இல்லை" என்றார். 2021 ஜூலைக் கலவரத்தில், இந்தியர் அதிகம் வாழும் ஃபீனிக்ஸ் பகுதியில் 36 பேர், பெரும்பாலும் கறுப்பினத்தவர், கொல்லப்பட்டதைப் பற்றிக் கேட்டேன். கியரை மாற்றினார், பேசவில்லை.

அவர் செய்வது எல்லாமே சரி என்று சொல்ல மாட்டேன். சென்ற வருடம் பெரிய பையன் ஒருவன் இந்தியச் சிறுவனைக் "கூலி" என்று திட்டினான், இங்கே அது இந்தியரை இழிவுபடுத்தும் சொல். இருவரையும் ஒரு மாதம் அடுத்தடுத்து உட்கார வைத்தார். திட்டு வாங்கிய பிள்ளைக்கு அது தண்டனை மாதிரி. இரண்டாம் வாரமே வயிற்றுவலி என்று வேனில் ஏற மறுத்தான். அவன் அம்மா வந்து சத்தம் போட்ட பிறகுதான் இடம் மாற்றினார். மூடிக் குலுக்கலையும் இதையும் அவர் ஒன்றாக நினைத்ததுதான் தப்பு.

சாயங்காலம் கிளம்பும் முன் ஆள் எண்ணுவது ஒரு வேடிக்கை. அந்த வாரம் ஒன்றாம் எண் மூடி யாருக்கு வந்ததோ, அவர்கள் வீட்டு மொழியில் எண்ண வேண்டும். ஜூலுவில் பத்து வரை இப்போது எனக்கே தெரியும்: குன்யே, குபிலி, குதாது... என் மகள் முறை வந்தால் தமிழ். சிப்ஸ் நீட்டிய சிறுமியும் பிள்ளை வீட்டுப் பையனும் "ஏழு" என்பதை "ஏலு" என்றுதான் சொல்கிறார்கள். நம் ஊரில் மட்டும் என்ன வாழுகிறதாம்!

பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. நவம்பரிலேயே சொல்லிவைக்க வேண்டும். வரும் வருடம் ஏழாவது முடித்து இரண்டு பேர் போகிறார்கள், அந்த இடம்தான் காலி. டிசம்பர் பாதிக் கட்டணத்துக்குப் பேரம் பேசிப் பாருங்கள், எனக்குப் படியவில்லை.