துப்பாக்கிப் பூட்டுகள்: எதை வாங்கலாம், எதை நம்பக்கூடாது

அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். இதில் 26,328 தற்கொலைகள், கொலைகளைவிட அதிகம். பள்ளிகளில் துப்பாக்கியோடு தாக்கிய மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைப் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தே எடுத்ததாக 2019இல் வந்த சீக்ரெட் சர்வீஸ் (அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு அமைப்பு) அறிக்கை சொல்கிறது. ஆகவே பூட்டு வாங்கும்போது திருடன் உடைப்பானா என்பதற்கு முன், வீட்டுப் பிள்ளை திறப்பானா என்று பார்க்க வேண்டும்.

கேபிள் பூட்டு: ‘புராஜெக்ட் சைல்டுசேஃப்’ என்ற துப்பாக்கிப் பாதுகாப்புத் திட்டத்தில் பல காவல் நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. முதலில் மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய உறை) கழற்றி, ஸ்லைடை (கைத்துப்பாக்கியின் நகரும் மேற்பகுதி) முழுதாகப் பின்னிழுத்து, சேம்பரில் (சுடத் தயாராகத் தோட்டா அமரும் அறை) தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யவும். பிறகு தோட்டாக்கூடு வெளியேறும் திறப்பில் கேபிளை நுழைத்து, மேகசின் குழி வழியே வெளியே எடுத்துப் பூட்டவும். கம்பி வெட்டும் கருவிக்கு இது தாங்காது. சாவியை மேசை இழுப்பறையில் போட்டால் பூட்டியும் பயனில்லை.

விசைப் பூட்டு: சுட அழுத்தும் விசையை மூடிப் பூட்டுவது. தோட்டா உள்ள துப்பாக்கியில் மாட்டவே கூடாது, மாட்டும்போதே விசை அழுந்தலாம். கேபிள் இலவசமாகக் கிடைக்கும்போது இதற்குக் காசு கொடுப்பானேன்?

கைரேகைப் பெட்டி: விளம்பரத்தில் முதலிடம், எங்கள் பட்டியலில் கடைசி. 2023 அக்டோபரில் ஃபோர்ட்ரஸ் நிறுவனம் சுமார் 61,000 பெட்டிகளைத் திரும்பப் பெற்றது. ரேகையைச் சரியாகப் பதிவு செய்யும்வரை யார் விரல் வைத்தாலும் திறந்ததே காரணம். 12 வயதுச் சிறுவன் இறந்ததாகப் புகாரும் வந்திருந்தது. உரிமையாளர்களோ பதிவு முடிந்ததாக நம்பியிருந்தார்கள். இந்த வகை ஏற்கெனவே வீட்டில் இருந்தால், பெட்டியைக் காலியாக வைத்துப் பதிவில்லாத விரல்களால் சோதியுங்கள். ஒன்றுக்குத் திறந்தாலும் பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சாவியால் மட்டும் திறக்கவும்.

எங்கள் தேர்வு, எண் பொத்தான் உள்ள எஃகுப் பெட்டி. சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்க வேண்டும். இல்லையென்றால் பெட்டியோடு தூக்கிப் போய்விடுவார்கள். பிறந்த தேதி ரகசிய எண்ணாகக் கூடாது. தோட்டாக்களைத் தனியே பூட்டி வைக்கவும்.

வீட்டில் யாராவது மனநெருக்கடியில் இருந்தால், அதிலும் துப்பாக்கி அவருடையதே என்றால், எந்தப் பெட்டியும் போதாது. எண் அவருக்குத்தான் தெரியுமே. நெருக்கடி தணியும்வரை துப்பாக்கி வீட்டைவிட்டு வெளியே இருக்கட்டும். சில ஊர்களில் துப்பாக்கிக் கடைகளும் காவல் நிலையங்களும் தற்காலிகமாக வாங்கி வைக்கின்றன. கைமாற்றும் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு என்பதால் முதலில் போனில் கேட்டுவிடவும். உடனடி உதவிக்கு அமெரிக்காவின் மனநெருக்கடி உதவி எண் 988.